கீறல் சிறிது, செலவு பெரிது

புதிய காரில் முதல் கீறல் விழும் நாளில் வீட்டில் ஒரு சிறு துக்கம் குடியேறிவிடுகிறது. கடன் தவணையில் பாதிகூடக் கட்டி முடியாத நிலையில், வாகன நிறுத்துமிடத்தில் எவரோ உரசிவிட்டுப் போன கதவைப் பார்ப்பவருக்கு மனம் பதறுவது இயல்பே. அந்தப் பதற்றத்தில் எடுக்கப்படும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: காப்பீட்டில் இழப்பீடு கோரிக் கதவு முழுவதற்கும் மறுபூச்சுச் செய்துவிடுவது. நகத்தளவுக் கீறலுக்கும் மிளகளவு பெயின்ட் பெயர்ந்ததற்கும் இது வேண்டாத வேலை என்பதும், அவற்றை வீட்டிலேயே சரிசெய்துகொள்வதே பணத்துக்கும் வண்டிக்கும் நல்லது என்பதும் என் கருத்து. சரிசெய்த இடம் கூர்ந்து பார்த்தால் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குப் பரிசாகக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ், நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பிரீமியத்தில் முதல் ஆண்டுக்குப் பின் 20 விழுக்காடு, அடுத்தடுத்து 25, 35, 45, ஐந்தாம் ஆண்டுக்குப் பின் 50 விழுக்காடு எனக் கழிக்கப்படுகிறது. 50 விழுக்காட்டை எட்டிய ஒருவர் ஒரு கீறலுக்காக இழப்பீடு பெற்றால், அடுத்த புதுப்பித்தலில் அது பூஜ்யமாகும். மீண்டும் 20இலிருந்து ஏற வேண்டும். அந்தப் பிரீமியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்றும், அது மாறாது என்றும் வைத்துக்கொண்டால், ஐந்து புதுப்பித்தல்களில் அவர் இழக்கும் சலுகை முறையே 5,000, 3,000, 2,500, 1,500, 500 ரூபாய். ஆகமொத்தம் 12,500 ரூபாய். இதனுடன், ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு வேறு. போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பை வாங்கியிருப்பவர்களுக்கு இக்கணக்கு மாறும். அவர்களும் அதை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதைப் பாலிசியில் படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இன்னொன்று. தொழிற்சாலையில் பூசப்பட்ட பெயின்ட்டுக்கு ஈடாக எந்தப் பட்டறையும் பூசிவிட முடியாது. அங்கே வெறும் உலோக உடல் மின்பூச்சுத் தொட்டியில் முழுதும் முக்கி எடுக்கப்பட்டு, பிரைமர், நிறப்பூச்சு, அதன்மேல் பளபளப்புக்கான கிளியர் கோட் என அடுக்கடுக்காகப் பூசப்பட்டு, 140 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் இறுக வைக்கப்படுகிறது. ஒயர்களும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் பொருத்தப்பட்ட வண்டியை அந்த வெப்பத்துக்கு உட்படுத்த இயலாது. ஆகவே மறுபூச்சு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது இரண்டாந்தரமே. பழைய கார் வாங்க வருபவர் பெயின்ட் தடிமனை அளக்கும் சிறு கருவியை ஒவ்வொரு கதவிலும் வைத்துப் பார்க்கும் காலம் இது. ஒரு கதவில் மட்டும் எண் இரட்டிப்பாகத் தெரிந்தால், வண்டி விபத்தில் அடிபட்டதோ என்று அவர் ஐயுறுவார். சிறு புள்ளியாகத் தெரியும் டச்-அப் அத்தகைய ஐயத்தை எழுப்புவதில்லை.

சரி, எதை நாமே செய்யலாம்? கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால், தண்ணீர் தடவியதும் கீறல் மறைந்துவிட்டால், காயம் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. வண்டியைக் கழுவித் துடைத்து, நிழலில் நிறுத்தி, ரப்பிங் காம்பவுண்டை மென்துணியில் சிறிது எடுத்துக் கையால் தேய்த்தாலே போதும்; பிறகு பாலிஷ். அந்த அடுக்கு ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன்கூட இராது என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பும் அதைக் கொஞ்சம் கரைக்கிறது, அதிலும் கதவின் மடிப்பு விளிம்புகளில் அது மேலும் மெல்லியது. பற்பசையால் தேய்க்கச் சொல்லும் காணொளிகள் ஏராளம். பற்பசையும் ஒரு தேய்ப்பானே, ஆனால் கார் பெயின்ட்டுக்காகச் செய்யப்பட்டதன்று. அந்தச் சிக்கனம் எனக்கு விளங்கவில்லை.

உலோகம் தெரியும்படி பெயின்ட் பெயர்ந்திருந்தால், அழகு இரண்டாம் பட்சம்; துருவே முதல் கவலை. நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் சென்றவர்களின் பானட் முகப்பில் இத்தகைய கல்தெறிப்புகள் நிறைய இருக்கும். மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற கடலோர நகரங்களில் உப்புக் காற்றும் மழையும் சேர்ந்து அந்தப் புள்ளியின் ஓரங்களுக்கு அடியில் துருவைப் பரப்பிவிடும். எனவே மழைக்காலம் தொடங்குமுன் ஒரு வறண்ட காலையில் இதை முடித்துவிட வேண்டும். துரு இருந்தால் நுண்ணிய உப்புத்தாளின் முனையால் சுரண்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய்ப்பசை நீங்கத் துடைத்து, பிரைமரைப் பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்து வையுங்கள். அது காய்ந்தபின் நிறப்பூச்சு இரண்டு மூன்று மெல்லிய தடவைகள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசியாகக் கிளியர் கோட். ஒரே தடவையில் குழியை நிரப்ப முயல்வதால்தான் பெரும்பாலான டச்-அப்கள் கொப்புளம்போல் நிற்கின்றன. மேடாகிவிட்டாலும் உடனே தேய்க்கக் கூடாது. சில வாரங்கள் இறுக விட்டு, 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துச் சமன்படுத்தலாம்.

நிறத்தைக் கண்ணால் பார்த்து வாங்குவது வீண். வண்டியின் பெயின்ட் எண், மாடலைப் பொறுத்து, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ பானட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் இருக்கும். அந்த எண்ணுக்குரிய சிறு பாட்டிலையே கேளுங்கள். பல ஆண்டு வெயிலில் நின்ற காரில் அதுவும் இம்மி மாறித்தான் தெரியும். முத்து வெள்ளை போன்ற பல அடுக்கு நிறங்களில் வேறுபாடு சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

உள்ளங்கை அளவுக்கு மேல் உரிந்தது, தகடு நசுங்கியது, பெயின்ட்டுக்கு அடியில் துரு குமிழாக எழுந்தது, பம்பர் பிளந்தது ஆகியவை டிங்கர் பட்டறைக்குரியவை. செலவு பெரிதாயின் காப்பீடும் அதற்காகத்தான் இருக்கிறது. பம்பரில் வெறும் கீறல் என்றால் அவசரமே இல்லை. அது பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. நமது நகரங்களின் நெரிசலில் அடுத்த கீறலும் பெரும்பாலும் அதே மூலையில்தான் விழும் என்பதால், இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளலாம்.