குட்டி யானையும் அங்குசமும்

சொந்த வண்டி!

கூலிக்கு வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் இந்த ஆசை உண்டு. பத்து வருஷம் முதலாளியின் வண்டியை ஓட்டிய கை, தனக்கென்று ஒரு வண்டி கேட்பது நியாயம்தான்.

2005-ம் ஆண்டு 'டாடா ஏஸ்' வண்டி வந்தது. தமிழ்நாட்டு மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 2011-ல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. மகேந்திராவின் 'பொலிரோ பிக்-அப்' வண்டியும் ஊரெங்கும் ஓடுகிறது. காய்கறி, மீன், தண்ணீர் கேன், செங்கல், கல்யாண வீட்டுப் பாத்திரம் எல்லாம் இவற்றில்தான் போகின்றன. புதிய வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள் பழைய வண்டியைத் தேடிப் போகிறார்கள்.

மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. மீதிக்குக் கடன். வண்டி வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பூசணிக்காய் சுற்றிப் போடுகிறார்கள். மூன்றாம் மாதம் என்ஜின் படுத்துவிட்டால்? நகையும் போயிற்று, பழைய வேலையும் போயிற்று, கடன் மட்டும் மிச்சம்! ஆகவே, "கேட்கிற விலை சரிதானா?" என்ற கேள்வி ஒரு குடும்பத்தின் சோற்றைப் பற்றிய கேள்வியாகும்.

யாருக்குத் தெரியும்?

சந்தையில் மாடு பிடிக்கும் விவசாயி என்ன செய்கிறார்? பல்லைப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். நடக்கவிட்டுப் பார்க்கிறார். அதன் பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்துப் பேரம் பேசுகிறார். ஆனால் அதே விவசாயியின் மகன் பழைய வண்டி வாங்கப் போனால், புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்கிவிடுகிறார்!

வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. கோளாறு எல்லாம் இங்கேதான் பிறக்கிறது. ஜார்ஜ் அகர்லாப் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் 1970-ல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வண்டி எது, மோசமான வண்டி எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி விலைதான் கிடைக்கும். அதனால் நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க வரமாட்டார். சந்தையில் மோசமான வண்டிகளே மிஞ்சும் என்பது அவர் வாதம். இத்தகைய ஆராய்ச்சிக்காக அவருக்கு 2001-ல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆகவே, தெரிந்துகொள்வதற்குச் செலவிடும் ஒரு நாளும், கூட அழைத்துப் போகும் மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலியும் வீண் செலவு அல்ல. அந்த மெக்கானிக் வாங்குபவருக்கு வேண்டியவராக இருக்க வேண்டும். விற்பவர் சிபாரிசு செய்தவராக இருக்கக்கூடாது.

வண்டி சொல்லும் கதை

வண்டியைக் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். போய்ச் சேரும்போதே என்ஜின் சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது சுலபமாக ஸ்டார்ட் ஆகவில்லையோ என்று சந்தேகிக்க இடம் உண்டு.

புகையைப் பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், உள்ளே தண்ணீர் கசியலாம். கரும்புகை என்றால் இன்ஜெக்டரையோ ஏர் பில்டரையோ பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? பெரிய செலவு காத்திருக்கிறது! மூடியின் அடியில் பால் போலப் படிந்திருந்தாலும் ஆபத்துதான். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டியானால், கம்ப்யூட்டர் கருவி மாட்டிச் சோதிப்பதும் அவசியம்.

அடுத்தது அடிப்பாகம். வண்டிக்கு அடியில் படுத்து சேஸிஸைப் பார்க்கக் கூச்சப்படக்கூடாது. சேஸிஸில் வெல்டிங் வைத்த தழும்பு, பின்பக்கம் கூடுதலாகச் சேர்த்த ஸ்பிரிங் பட்டை இவையெல்லாம் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதற்குச் சாட்சி. மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறைத்துக் காட்ட முடியும். தேய்ந்துபோன பிரேக் மிதியையும், வழவழப்பான ஸ்டியரிங்கையும் மறைப்பது அவ்வளவு சுலபம் அல்ல.

எவ்வளவு தூரம் ஓடியது என்பதைவிட, என்ன ஏற்றி ஓடியது என்பது முக்கியம். மீனும் உப்பும் ஏற்றிய வண்டியின் தரைத் தகடு துருப்பிடிக்கும். செங்கல்லும் மணலும் ஏற்றிய வண்டியின் முதுகு ஒடிந்திருக்கும். பூவும் பிஸ்கட் பெட்டியும் ஏற்றிய வண்டி, அதே வயதில் வாலிபமாக இருக்கும்.

காகிதம் பேசட்டும்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும், என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகின்றனவா? 'எம்-பரிவாகன்' செயலியில் வண்டி எண்ணைப் போட்டால், எப்.சி., இன்சூரன்ஸ், பைனான்ஸ் விவரங்களைப் பார்க்கலாம். கட்டாத அபராதம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பைனான்ஸ் இருந்தால், கடன் தீர்ந்ததாக பைனான்ஸ் நிறுவனம் தரும் கடிதமும் 35-ம் எண் படிவமும் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்கக்கூடாது.

சரக்கு வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். பாரத்தோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியானால் பர்மிட்டும் தேவை.

"பெயர் மாற்றம் அப்புறம் செய்துகொள்ளலாம்" என்பது மிகப் பெரிய ஏமாற்றுப் பேச்சு. மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாட்களிலும் வாங்கியவர் 30 நாட்களிலும் தெரிவிக்க வேண்டும். வண்டி கைமாறிய பிறகும், புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்புச் சொன்னது. பாலிசியில் பெயர் மாறாவிட்டால், வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கு வாங்கியவர் பணம் கேட்க முடியாமல் போகும். ஆகவே பெயர் மாற்றம் இருவருக்குமே பாதுகாப்பு.

தரகரிடமும் வியாபாரியிடமும் வாங்குவோர் இன்னொன்றையும் கேட்கலாம். பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அதிகாரியின் அங்கீகாரம் பெற வேண்டும் என்று மத்திய அரசு 2022 டிசம்பரில் விதி செய்தது. அது 2023 ஏப்ரல் 1-ல் அமுலுக்கு வந்தது. அங்கீகாரச் சான்றைக் கேட்டால் முகம் சுளிக்கிற வியாபாரியிடம் அச்சாரம் கொடுப்பானேன்?

சரியான விலை எது?

விற்பவரிடமே ஒரு விலை எழுத்தில் இருக்கிறது. இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டியின் மதிப்பு குறிக்கப்பட்டிருக்கும். பிரீமியத்தைக் குறைப்பதற்காக அதைக் குறைத்துப் போடுவோரும் உண்டு. ஆனாலும், பாலிசியில் இரண்டரை லட்சம் என்று எழுதிவிட்டு, வாசலில் நாலு லட்சம் கேட்பவரிடம் காரணம் கேட்பதில் தவறு இல்லை.

ஓர் உதாரணம். விற்பவர் 3 லட்சம் ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அதே வருஷத்து வண்டி, நல்ல நிலையில், நாலு இடத்தில் விசாரித்ததில் 3 லட்சத்து 20 ஆயிரம் போகிறது. "ஆகா, 20 ஆயிரம் மலிவு!" என்று துள்ளக்கூடாது. இந்த வண்டிக்கு டயர், பேட்டரி, எப்.சி. வேலை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 60 ஆயிரம் ஆகும் என்று மெக்கானிக் கணக்குச் சொன்னால், இதன் விலை 2 லட்சத்து 60 ஆயிரம்தான். 3 லட்சம் என்பது மலிவு அல்ல. 40 ஆயிரம் அதிகம்!

யானை வாங்கியவர் அங்குசம் வாங்கக் காசில்லாமல் நின்ற கதை இங்கேதான் நடக்கிறது. கையில் உள்ள முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டால், ரிப்பேருக்கு மறுபடியும் கடன்!

கடன் கணக்கும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியது. 2 லட்சம் ரூபாய், 2 வட்டி, 36 மாதம். வட்டி மட்டும் 1 லட்சத்து 44 ஆயிரம். மாதத் தவணை 9,556 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்தாலும், வட்டியை மட்டும் முழு அசலுக்கே போடுகிறார்கள். உண்மையில் அது 3 வட்டிக்கும் மேல்!

மாதம் 22 நாள் வாடகை ஓடுகிறது. டீசல் போக நாளைக்கு 1,300 ரூபாய் நிற்கிறது. ஆக 28,600 ரூபாய். தவணை 9,556-ஐயும், டயர், ரிப்பேர், இன்சூரன்சுக்கு ஒதுக்கும் 4,000-ஐயும் கழித்தால் மிச்சம் 15,044 ரூபாய். கூலிக்கு ஓட்டியபோது சம்பளம் 15,000 என்றால், 3 ஆண்டுவரை பெரிய லாபம் ஒன்றும் இல்லை. தவணை முடிந்த பிறகுதான் வண்டி சோறு போடும். அதுவரை வண்டி உழைக்குமா என்பதே கேள்வி. நாளைக்கு 900 ரூபாய்தான் நிற்கும் என்றால் மாத மிச்சம் 6,244. அப்படியானால் அந்த வண்டி எந்த விலைக்கும் வேண்டாம்!

ஆகவே முதலில் வாடகைக்கு வழி தேட வேண்டும். மண்டிக்காரரிடமும் கடைக்காரரிடமும் பேசி, மாதம் எத்தனை நடை கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு மெக்கானிக்கின் கணக்கு. அதன் பிறகு பேரம். கடைசியில்தான் நகைப் பெட்டி!

"இன்னொருவர் சாயந்திரம் பணத்தோடு வருகிறார்" என்று அவசரப்படுத்துவார்கள். வரட்டும்! விலை சொல்வது விற்பவரின் உரிமை. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, நகையோடு வீடு திரும்புவது வாங்குபவரின் உரிமை. அந்த உரிமையை உபயோகிக்கத் தெரிந்தவருக்கு, நல்ல வண்டி நியாயமான விலையில் கிடைக்காமல் போகாது.