எந்தக் கண்ணால் குறி பார்க்கிறாய், நண்பா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, ‘தொழிற்கல்வியும் இன்றைய இளைஞனும்’ என்கிற மாதிரி ஏதாவது எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அதை எழுத நம்மில் ஐம்பது பேர் இருக்கிறார்கள். யாரும் எழுதாத விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அது என் கண்ணைப் பற்றியது. உங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருடைய கண்ணைப் பற்றியதும்கூட!

பள்ளியில் பத்தாவது படிக்கும்போது என்.சி.சி.யில் இருந்தேன். துப்பாக்கிச் சுடும் நாள் வந்தது. பாயிண்ட் டூ டூ ரைபிள், தலைக்கு ஐந்து குண்டு. வலது தோளில் கட்டையைப் பதித்துப் படுத்தேன். “இடது கண்ணை மூடு!” என்றார் பயிற்சி கொடுத்தவர். எனக்கு மூட வரவில்லை. இடது கண்ணை மூடினால் வலது கண்ணும் சேர்ந்து மூடிக்கொள்ளும். சரி என்று இரண்டையும் திறந்துவைத்தே சுட்டேன். ஐந்து குண்டும் அட்டைக்கு இடப்பக்கம், மண்மேட்டில். “நீ சரிப்பட மாட்டே. அடுத்த ஆள்!” என்றார். அவ்வளவுதான். முகாமுக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: எனக்குக் குறி வராது. அது என் பிறவிக் குறை.

பாலிடெக்னிக் வந்தும் அந்த முடிவு என்னை விடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு பார்லர் இருக்கிறது. ஒரு ஸ்நூக்கர் டேபிள், ஒரு பூல் டேபிள். (‘அங்கெல்லாம் உருப்படாத பசங்கதான் போவாங்க’ என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடாதீர்கள். நம் ஜாமெட்ரியும் ஃபிசிக்ஸும் அவ்வளவு பளிச்சென்று உருண்டோடும் இடம் வேறு கிடையாது!) சனிக்கிழமை சாயங்காலம் டீயும் போண்டாவும்தான் பந்தயம். கூட வந்த நண்பன் பாடம் சொன்னான்: “கியூ தாடைக்கு நட்ட நடுவுல வரணும். மூக்குக்கு நேரா. எல்லாரும் அப்படித்தான் ஆடறாங்க.”

அப்படியே ஆடினேன். ஒரு பக்கம் வெட்டி அடிக்கிற ஷாட் போகும். மறுபக்கம் போகாது. நேர் ஷாட்? அது போகவே போகாது! வெள்ளைப் பந்து, அடிக்க வேண்டிய பந்து, பாக்கெட் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும். சின்னப் பையன் அடித்தால்கூட விழும் என்பார்கள். எனக்கு மட்டும் மூலையில் மோதித் திரும்பும். தலையை வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தேன். கொஞ்சம் தேவலாம் போல இருந்தது. உடனே ஒரு பட்டம் கிடைத்தது: ‘ஒன்றரைக்கண்ணு’. அந்தப் பட்டம் மாடிப்படி இறங்கி விடுதி வரைக்கும் வந்துவிட்டது. “டேபிள்ல ஏதோ கோளாறு மச்சான்” என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். “ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு மாதம் அந்த மாடிப்படி ஏறவே இல்லை.

விஷயம் தெரிந்தது நம் சர்வே பிராக்டிக்கலில்தான். லெவல் கருவியில் ஸ்டாஃப் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற சார் கேட்டார்: “ஏம்பா, எப்பவும் இடது கண்ணைத்தான் வைக்கிறே. நொட்டாங்கையா நீ?”

“இல்லீங்க சார், வலதுகைதான்.”

“அப்போ கண்ணு மட்டும் நொட்டாங்கண்ணு போல. அதனால என்ன, ரீடிங் சரியாத்தானே வருது? எழுது.”

நண்பர்களே, எனக்குக் குறையைப் போக்கியது அந்த ஒரு வார்த்தைதான். அன்று மாலை அவர் மரத்தடியில் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு நீங்களும் இப்போதே செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் முன்னால் முழுசாக நீட்டுங்கள். உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் சின்ன முக்கோண ஓட்டை வருமாறு செய்யுங்கள். இரண்டு கண்களும் திறந்திருக்க, அந்த ஓட்டை வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். இப்போது ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மற்றதை. எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே இருக்கிறதோ, அதுதான் உங்கள் ஆதிக்கக் கண். மற்றக் கண்ணுக்குக் கடிகாரம் கையின் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும்.

இது புது விஷயமில்லை. இத்தாலியைச் சேர்ந்த போர்ட்டா என்ற அறிஞர் 1593-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உலகில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு வலது கண்ணும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேருக்கு இடது கண்ணும் குறி பார்ப்பதில் முந்திக்கொள்கிறது. சிலருக்கு இரண்டும் சமம். வலதுகைக்காரனுக்கு வலது கண்தான் என்று கட்டாயமில்லை. ஏனென்றால் வலது கை மூளையின் இடப்பக்கத்துக்குக் கட்டுப்பட்டது, கண் அப்படியல்ல. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் கிளம்பும் நரம்பிழைகளில் ஏறத்தாழ பாதி மூளையின் இந்தப் பக்கமும் மீதி அந்தப் பக்கமும் போகின்றன. இன்னொன்று: ஆதிக்கக் கண் என்றால் பார்வை கூர்மையான கண் என்று அர்த்தமில்லை. டாக்டரின் எழுத்துப் பலகையில் இரண்டு கண்ணும் ஒரே வரி வரை படித்தாலும், குறி என்று வரும்போது ஒன்று முந்திக்கொள்ளும்.

சரி, இதற்கும் நேர் ஷாட்டுக்கும் என்ன சம்பந்தம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் டிப்ளமோ மாணவர்களாயிற்றே!

நம் இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் 6 செ.மீ. இடைவெளி. கியூ மூக்குக்கு நேரே இருந்தால், குறி பார்க்கும் இடது கண் கியூவின் கோட்டிலிருந்து 3 செ.மீ. தள்ளி இருக்கிறது. குறிப்பந்து கண்ணிலிருந்து 160 செ.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், கண் பார்க்கும் கோட்டுக்கும் கியூ போகும் கோட்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 1 டிகிரி வித்தியாசம். பழகப் பழக மூளை இதில் பெரும்பகுதியைத் திருத்திக்கொள்ளும் என்பது உண்மைதான். பாதியைத்தான் திருத்தியது, அரை டிகிரி பிழை மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைப் பந்து 1 மீட்டர் ஓடினால் அது சுமார் 9 மி.மீ. விலகியிருக்கும். பந்தின் விட்டம் 57 மி.மீ. மோதும் இடத்தில் அந்த 9 மி.மீ., குறிப்பந்தின் பாதையைக் கிட்டத்தட்ட 9 டிகிரி திருப்பிவிடும். பாக்கெட் இன்னும் அரை மீட்டர் தள்ளி இருந்தால், அங்கே பந்து 7 செ.மீ.க்கு மேல் விலகிப் போகும். பாக்கெட் வாயின் அகலம் சுமார் 12 செ.மீ.; பந்து உள்ளே போக ஒரு பக்கத்துக்கு 3 செ.மீ. தான் சலுகை. தவறிற்று! அரை டிகிரி எங்கே, 7 செ.மீ. எங்கே!

இது வேறொன்றுமில்லை, நாம் லேபில் படிக்கும் பேரலாக்ஸ்தான். அம்மீட்டரில் முள்ளுக்கு அடியில் கண்ணாடி ஏன் வைத்திருக்கிறான்? கண் பக்கவாட்டில் நகர்ந்தால் ரீடிங் மாறும் என்பதற்காகத்தானே! ஆசாரி பலகையை ஒற்றைக் கண்ணால் பார்ப்பதும் இதற்காகத்தான். கருவிக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் நாம், கண்ணுக்குக் கொடுப்பதில்லை.

ஸ்நூக்கர் நம் மண்ணோடு சேர்ந்த ஆட்டம். ஜபல்பூரில் 1875-இல் வெள்ளைக்கார அதிகாரிகள் நடுவே பிறந்து, 1882-இல் நம் உதகமண்டலத்தில்தான் அதன் விதிகள் எழுதி வைக்கப்பட்டன என்று அதன் வரலாறு சொல்கிறது. அந்த ஆட்டத்தில் 1927 முதல் 1946 வரை 15 முறை உலக சாம்பியன் பட்டம் வென்றவர் இங்கிலாந்தின் ஜோ டேவிஸ். அவருக்கு வலது கண்ணில் பார்வை மிகக் குறைவு. வலதுகைக்காரரான அவர் கியூவை இடது கண்ணுக்குக் கீழே வைத்துத்தான் ஆடினார். “மூக்குக்கு நேரா வைடா” என்று யாராவது அவரை மிரட்டித் துரத்தியிருந்தால்? அதே போல 1985-இல் உலக சாம்பியனான டென்னிஸ் டெய்லர், குனிந்தால் ஃபிரேமின் மேல்விளிம்பு மறைக்காதபடி தனக்கென்று உயரமான மூக்குக்கண்ணாடி செய்து போட்டுக்கொண்டார். பார்த்தவர்கள் தலைகீழாக மாட்டியிருக்கிறார் என்று சிரித்தார்கள். கோப்பையை வாங்கியவர் அவர்தான்!

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? பாக்கெட்டிலிருந்து என் பக்கம் வரை டேபிளில் ஒரு நூலை இழுத்துக் கட்டினேன். கியூவை அதற்கு நேர்மேலே பிடித்துக் குனிந்தேன். நூலும் கியூவும் ஒன்றாகத் தெரியும் வரை தலையை மெல்ல நகர்த்தினேன். பாக்கெட் பக்கம் நின்ற நண்பனிடம், “கியூ எங்கேடா இருக்கு?” என்றேன். “இடது கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல, கண்ணுக்குப் பக்கத்துல” என்றான். என் இடம் அதுதான். உங்கள் இடம் வேறாக இருக்கலாம். கண்ணுக்கு நேர் கீழே, நட்ட நடுவில், எதுவாகவும் இருக்கலாம். ‘ஆதிக்கக் கண்ணுக்குக் கீழேதான் வை’ என்று நான் புதிதாக ஒரு சட்டம் போட்டால், ‘மூக்குக்கு நேரே’ என்ற பழைய சட்டத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

“கண்ணாவது மண்ணாவது, பயிற்சிதாம்பா முக்கியம்” என்று சொல்லும் நண்பர்களுக்கு என் பதில்: பயிற்சி வேண்டும்தான். நானும் சும்மா இருந்து கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் தப்பான இடத்தில் தலையை வைத்துக்கொண்டு ஆயிரம் ஷாட் அடித்தால், தப்புதான் ஆயிரம் முறை பழகும். ஆடத் தெரியாதவர்கள் கூடத்தைக் குறை சொல்வது உண்டு. ஆனால் ஆடத் தெரிந்தவனைக் கோணலாக நிற்கவைத்துவிட்டு, ஆடத் தெரியாது என்று சொல்வதும் உண்டு!

ஆகவே நம் பேரவைக்கும் விளையாட்டுச் செயலாளருக்கும் ஒரு வேண்டுகோள். கேரமோ, வில்வித்தையோ, துப்பாக்கிச் சுடுதலோ, குறி பார்க்கும் எந்த ஆட்டத்துக்கும் ஆள் எடுக்கும் முன் இந்த முக்கோணச் சோதனையை வையுங்கள். தலைக்கு ஒரு நிமிஷம். செலவு காலணா கிடையாது. இடது கண் ஆதிக்கம் உள்ளவன் என்று தெரிந்தால் ஒதுக்காதீர்கள்; அவன் நிற்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். சீனியர்களே, தலை சாய்த்துப் பார்க்கும் ஜூனியருக்குப் பட்டப்பெயர் வைக்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவன் தலை சாய்ப்பது தெரியாமையால் அல்ல. அவன் கண் தன் இடத்தைத் தேடுகிறது.

போன மாதம் முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் பார்லர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். “எனக்குக் குறியே வராதுண்ணே” என்றான். அந்த வாக்கியத்தை நான் எங்கோ கேட்டிருக்கிறேனே! கையை நீட்டி முக்கோணம் வைக்கச் சொன்னேன். வலது கை, இடது கண். நூலைக் கட்டினோம். அடுத்த ஷாட் விழுந்ததா? விழவில்லை. அதற்கடுத்ததும் விழவில்லை. ஆனால் அவன் பெஞ்சுக்குத் திரும்பிப் போகவில்லை. “அண்ணே, இன்னொரு தடவை” என்றான்.

அது போதும் நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் பிரிவு