பெட்டிக்குள் வரும் கடன்

“தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். அதற்காக நான் விலைபோய்விடுவேனா?” கொள்முதல் பிரிவில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் நேர்மையானவர்கள். லஞ்சம் என்றால் விரட்டியடிப்பவர்கள். ஒரு பெட்டி தங்களை மாற்றாது என்று அவர்களே நம்புவதால்தான் இந்த நம்பிக்கை ஆபத்தானது.

பேராசைக்காரனை மடக்க இனிப்பு போதாது. சப்ளையரின் பெட்டி குறிவைப்பது நம் நன்றியுணர்வை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். வீட்டில் அது பண்பு. பில் பாஸ் செய்யும் மேசையில் பலவீனம். சரக்கு பத்து நாள் தாமதமாக வருகிறது. ஒப்பந்தப்படி அபராதம் பிடிக்க வேண்டும். ‘பழகின மனுஷன், இந்த ஒரு தடவை போகட்டும்’ என்று மனம் இளகுகிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை, பேரம் பேசவில்லை. பெட்டி தன் வேலையை முடித்துவிட்டது.

சின்னப் பொருள்தானே என்பார்கள். அமெரிக்காவில் 2,79,669 மருத்துவர்களின் விவரங்களை அலசிய ஆய்வு ஒன்று 2016இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. மருந்து நிறுவனங்கள் வாங்கித் தந்த சாப்பாட்டின் சராசரி மதிப்பு 20 டாலருக்கும் குறைவு. ஒரே ஒரு வேளை சாப்பிட்டவர்கள்கூட, சாப்பிடாதவர்களைவிட அந்த நிறுவனத்தின் மருந்தை அதிகம் எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் காரணம் என்று ஆய்வு அறுதியிடவில்லை. ஆனால் விருந்து கூடக்கூட மருந்துச் சீட்டில் அந்தப் பெயரும் கூடியிருந்தது.

இதற்கான செலவு யார் தலையில் விழுகிறது? சென்னையின் ஏபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் இதற்குப் பதில் சொன்னது. மருத்துவர்களுக்குத் தங்கக் காசு, டிவி, ஃபிரிட்ஜ் என்று கொடுத்த செலவுக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்றது. அந்தச் செலவு மருந்து விலையில் ஏறி, கடைசியில் நோயாளியிடமே வசூலாகிறது என்பதையும் சுட்டிக்காட்டியது. உங்கள் மேசைக்கு வரும் பெட்டியும் அப்படித்தான். அதன் விலை அடுத்த கொட்டேஷனில் இருக்கிறது. கொடுப்பது உங்கள் நிறுவனம்.

“மறுத்தால் மனம் புண்படும், இது நம் பண்பாடு” என்பது கடைசி வாதம். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. திருமணம், பண்டிகை போன்ற நாட்களில் நண்பரின் பரிசை ஏற்கலாம். ஆனால் அந்த நண்பருக்கும் நமக்கும் அலுவல் தொடர்பு இருக்கக் கூடாது. பண்பாட்டை அறியாதவர்கள் எழுதிய விதியல்ல இது. பெட்டி வருவது அன்பால்தான் என்றால், அதே அலுவலகத்தில் தரை துடைக்கும் அம்மாவுக்கு ஏன் எந்த சப்ளையரும் பெட்டி அனுப்புவதில்லை? நீங்கள் வேறு பிரிவுக்கு மாறினால் அடுத்த தீபாவளிக்குப் பெட்டி யாருக்குப் போகும்?

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே எல்லா சப்ளையர்களுக்கும் நிறுவனம் கடிதம் அனுப்பட்டும்: எதுவும் அனுப்ப வேண்டாம், வந்தால் திரும்பிவிடும். ‘என் நிறுவனத்தில் அனுமதியில்லை’ என்று சொன்னால் யார் மனமும் புண்படாது.

ஊர் ஓரத்தில் நாலு பேரை வைத்துப் பட்டறை நடத்தும் ஒருவர் நல்ல சரக்கு, நியாயமான விலை, இரண்டையும் நம்பி கொட்டேஷன் போடுகிறார். பெட்டி அனுப்ப அவரிடம் காசில்லை. நாம் பிரித்துச் சாப்பிட்டது அவருக்கு வந்திருக்க வேண்டிய ஆர்டரை.