காலடியில் ஒரு வயர்

மழைக்காலத்தில் துணி காய்வதில்லை. மேசை விசிறியை இழுத்து வந்து கூடத்தில் வைக்கிறோம். அதன் வயர் நடைவழியின் குறுக்கே கிடக்கிறது. ‘இரண்டு நாளைக்குத்தானே’ என்கிறோம். மழை ஓய்ந்து தீபாவளியும் வந்துவிடும்; வயர் மட்டும் அங்கேயே இருக்கும். வீட்டார் அதைத் தாண்டி நடக்கப் பழகிவிடுவர். பழகாதவர், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியும், நள்ளிரவில் விளக்கைப் போடாமல் எழும் தாத்தாவும்தாம்.

இதை அற்பமென்று ஒதுக்குவது தவறு என்பதே எம் கருத்து. ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அவ்வாறு இறப்போரில் மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள். அனைவரும் வயரில் தடுக்கியவர் அல்லர். எனினும், வீழ்ச்சிக்கான காரணங்களுள் இன்றே அகற்றக்கூடியது ஒன்று உண்டெனில் அது இதுவே.

பழி முழுவதையும் இல்லத்தார்மீது சுமத்துவதும் நியாயமன்று. மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் பல, அறைக்கு ஒரு விளக்கும் ஒரு விசிறியும் போதுமென்றிருந்த காலத்தவை. தாராவியிலோ, பகலில் தையல் இயந்திரம் ஓடும் அறையே இரவில் படுக்கையறை ஆகிறது. செம்பூரின் புதிய அடுக்ககங்களிலும், பிளக் பாயிண்ட் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. சுவர் கொடுக்காததைத் தரை சுமக்கிறது.

சிலர் வயரைப் பாய்க்கோ கம்பளத்துக்கோ அடியில் மறைக்கின்றனர். இது அதனினும் தீது. வெப்பம் வெளியேற வழியில்லை. மிதிபட்டு உறை கிழிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஈரத்துணியால் தரை துடைக்கும் வீட்டில் அந்தக் கிழிசல் மின்னதிர்ச்சிக்கு வாயில்.

செய்ய வேண்டியவை எளியவை. முதலில் பொருளை இடம் மாற்றிப் பாருங்கள். பிளக் அருகே மேசை சென்றால் வயர் குறுக்கே வராது. இயலாதெனில் சுவரோரமாகவும் கதவு நிலையின் மேலாகவும் பிளாஸ்டிக் பட்டிக்குள் வயரைக் கொண்டுசெல்லுங்கள். குளிர்பதனப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள். நிலையான தேவைக்கு நிலையான பாயிண்ட் வேண்டும். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து அதை அமைப்பதோடு, மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சுவிட்சும் உள்ளதா எனக் கேளுங்கள்.

வாடகைக்கும் பகடிக்கும் குடியிருப்போர், ‘பிறர் சுவருக்கு நாம் ஏன் செலவிட வேண்டும்?’ எனத் தயங்குவர். அத்தயக்கம் புரிகிறது. ஆனால் கால் தடுக்குவது உரிமையாளருக்கன்று. உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெற்றுச் செலவைப் பகிர்ந்துகொள்வதே விவேகம். தாராவியின் மறுசீரமைப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘எத்தனை சதுர அடி?’ என்று கேட்கிறோம். ‘எந்தச் சுவரில் எத்தனை பிளக் பாயிண்ட்?’ என்றும் கேட்போம்.

முதுமைக்கென வைப்புநிதியில் மாதந்தோறும் பணம் சேர்க்கும் நாம், அம்முதுமை நடந்து செல்லும் தரையைக் கவனிக்க மறக்கலாகாது. ஒரு பிளக் பாயிண்டுக்கு ஆகும் செலவு சிறிது. இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவு பல ஆண்டுச் சேமிப்பு. இன்றிரவு படுக்கப் போகுமுன், கட்டிலிலிருந்து குளியலறை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். காலில் ஏதேனும் இடறினால், அதை நாளைக்கென்று விட்டுவைக்காதீர்கள்.