போர் தண்ணீரில் பழுப்புக் கசடு: கருவி வாங்கலாமா?

கேள்வி: எங்கள் போர் தண்ணீரை ஒரு டம்ளரிலும், தான் கொண்டுவந்த கேன் தண்ணீரை இன்னொரு டம்ளரிலும் ஊற்றி, இரண்டிலும் கம்பிகளை வைத்துக் கரண்ட் கொடுத்துக் காட்டினார் ஒரு விற்பனையாளர். இரண்டே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் பழுப்பாகிக் கசடு திரண்டது. அவருடையது தெளிவாகவே இருந்தது. "இந்த விஷத்தைத்தான் மாடும் மணிலாவும் குடிக்கின்றன. எங்கள் மெஷின் மின்சாரத்தால் உப்பைப் பிரித்துவிடும்" என்கிறார். விலை 45 ஆயிரம். நகையை அடகு வைத்து வாங்கலாமா?
- வாசகி, அடி அண்ணாமலை

பதில்: நகையை அடகு வைக்காதீர்கள் அம்மா. அந்தக் கசடு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல, அவருடைய இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு.

உப்பு நீரில் கரையும்போது சோடியம், குளோரைடு என்ற அயனிகளாகப் பிரிந்து நிற்கிறது. முன்னது நேர் மின்சுமை, பின்னது எதிர் மின்சுமை கொண்டது. பேட்டரியின் இரு கம்பிகளை உள்ளே விட்டால், ஒவ்வொன்றும் தனக்கு எதிரான கம்பியை நோக்கி நகரும். இப்படித்தான் உப்பு நீரில் மின்சாரம் பாய்கிறது. அப்போது நேர்முனையில் உள்ள இரும்பு கரைந்து பழுப்புக் கசடாகிறது. கேன் தண்ணீரில் அயனிகள் மிகக் குறைவு. மின்சாரம் சரியாகப் பாயாததால் கம்பியும் கரையவில்லை. அடுத்த முறை வந்தால், அவர் தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

மின்சாரம் உப்பைப் பிரிக்காதா என்றால், பிரிக்கும். மேட்டூரிலும் தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் உள்ள ஆலைகள் உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கின்றன. கவனியுங்கள், அங்கே கிடைப்பது நல்ல தண்ணீர் அல்ல. குளோரின் வாயுவாக வெளியேறும். சோடியமோ காஸ்டிக் சோடாவாக நீரிலேயே தங்கிவிடும். குளோரின் நச்சு வாயு, ஆகவே வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

உங்கள் தண்ணீரில் உப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அளந்து பார்க்க வேண்டும். மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, அன்றே வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அங்கும் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் கரையாத மின்வாயும் அளவுகோலும் வைத்துப் பார்ப்பார்கள்.

அறிக்கையில் மின்கடத்தும் திறன் (டெசிசைமன்ஸ்/மீட்டர்) 0.7-க்குக் கீழ் இருந்தால் கவலை இல்லை. ஏறத்தாழ 2 வரை மணிலா தாங்கும். 3-ஐத் தாண்டினால் பயிரை மாற்ற யோசிக்க வேண்டும். கறவை மாடுகள் 5 வரை குடிக்கலாம். சோடியம் அதிகம் என்று வந்தால் மட்டும், பரிந்துரைத்த அளவு ஜிப்சம் இட்டு, வடிகால் அமைத்து, தொழுவுரத்தைக் கூட்டுங்கள். வீட்டுக் குடிநீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.