மூத்திரத்துல பாதரசம் இல்லையாம்!

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை பத்தி யார் பேச்செடுத்தாலும் ஒருத்தர் வந்து கேப்பார்: "சோதனை பண்ணாங்களே, உடம்புல பாதரசமே இல்லையே, அப்புறம் என்ன?" கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அறிவியல் உதைக்குதே மக்களே!

தெரியாதவங்களுக்குக் கதைச் சுருக்கம். 1980களில் அமெரிக்காவில் இருந்து பெட்டி கட்டி வந்த பாண்ட்ஸ் ஆலை, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது அம்பலமாக, ஆலைக்குப் பூட்டு. 2003ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது. குப்பைக்கு ரெண்டு வருஷத்துல வழி பிறந்தது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு வர 2016 மார்ச் ஆச்சு. அதுவும் 'மனிதாபிமான' அடிப்படையில். நோய்க்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் கம்பெனியின் வாதம்.

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். மூச்சில் இழுத்த பாதரச ஆவியில் கிட்டத்தட்ட 80 சதவீதம் உடம்பில் சேரும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய், கந்தகம் உள்ள மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். அதில் முக்கியமானது குளுட்டாதயோன். ஆக்ஸிஜனை எரிக்கும் நம் செல்களில் எந்நேரமும் கொஞ்சம் வெறிபிடித்த மூலக்கூறுகள் பிறக்கும். அவற்றை அடக்குகிற ஏட்டையாதான் இந்த குளுட்டாதயோன். ஏட்டையா கையைக் கட்டிப்போட்டா? செல்லின் கொழுப்புச் சவ்வு சங்கிலித் தொடராகச் சிதையும். அந்தச் சிதைவில் சில மூலக்கூறுகள் கிளர்ச்சி நிலைக்கே போய், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஒளியைக்கூட உமிழும். செத்த நரம்பு செல் பெரும்பாலும் திரும்ப முளைக்காது.

உடம்பில் சேர்ந்த பாதரசத்தில் பாதி, சுமார் ரெண்டு மாசத்துல வெளியே போயிடும். மூளைக்குள்ள போனதில் ஒரு பகுதி வருஷக்கணக்கில் அங்கேயே தங்கும்; அதை மூத்திரம் காட்டிக் கொடுக்காது. வருஷம் கழிச்சுக் குப்பியில பிடிச்சுப் பாத்தா என்னங்க இருக்கும்? திருடன் ஓடினப்புறம் வீட்டைச் சுத்திப் பாத்துட்டு, 'ஆளே இல்லை, அதனால திருட்டே நடக்கலை'ன்னு தீர்ப்பு சொல்ற பஞ்சாயத்து இது.

ஒவ்வொருத்தர் நோயும் பாதரசத்தால்தான்னு நான் சொல்ல வரலை. வேலை பாத்த காலத்துக் காற்று அளவு, மூத்திர அளவு, இன்னைக்கு நரம்பும் சிறுநீரகமும் இருக்கிற நிலை - இதையெல்லாம் வெச்சுப் பேசுங்க. ஆதாரம் காட்டும் பொறுப்பைக் கூலிக்கு வேலை பாத்தவன் தலையில் கட்டாதீங்க.

மறுக்கிறவங்க பின்னூட்டத்துக்குத் தாராளமா வாங்க. 'அரை ஆயுள்'னா என்னன்னு மட்டும் படிச்சுட்டு வாங்க.