மழலையர் மருந்தளவைத் தமிழில் எழுதுக!

தாய்க்குப் புரியாத எழுத்திலே சேயின் உயிர்க்காப்பை எழுதி வைப்பது எவ்வகை அறம்? உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்களில் காய்ச்சலால் துவளும் குழந்தைக்கு மருத்துவர் மருந்து எழுதித் தருகிறார். அதனை ஊட்டுகின்றவள் தாய். புட்டியின் மேலோ, அளவும் தடையும் எச்சரிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன.

குழந்தை சிறிய உருவில் அமைந்த பெரியவன் அன்று. அதற்கு மருந்தளவு எடையைக் கொண்டே கணிக்கப்படும். பாரசிட்டமாலை எடுத்துக்கொள்க. ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். கடையிலோ, 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள மருந்தும் உண்டு. 250 உள்ளதும் உண்டு. ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் அடங்கிய சொட்டு மருந்தும் உண்டு. முதல் புட்டியில் 5 மில்லிலிட்டர் ஊட்டிப் பழகிய தாய், சொட்டு மருந்திலும் அதே 5 மில்லிலிட்டரை ஊட்டினால் 500 மில்லிகிராம் உள்ளே போகும். மிகுதியான பாரசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். இப்பிழை தாயின் பிழையா, புட்டியின் மொழிப்பிழையா?

இத்தகைய கேட்டைத் தடுக்கவே வழிகாட்டி நூல்கள் தோன்றின. பிரித்தானியர் குழந்தைகளுக்கெனத் தனி மருந்துநூலை 2005-இல் வெளியிட்டனர். உலக நலவாழ்வு அமைப்பு 2010-இல் அத்தகைய நூலொன்றைத் தந்தது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் மருந்துநூலும் உண்டு; அதுவும் ஆங்கிலத்திலேயே. தமிழ்த் தாய்க்கும் சிற்றூர்ச் செவிலிக்கும் எட்டியது எது?

2025-ஆம் ஆண்டு நிகழ்ந்த கொடுமையை மறக்கலாகாது. இதே காஞ்சிபுர மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் உருவான 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமல் மருந்தைப் பருகி, மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதுற்று மாண்டனர். தமிழக அரசின் ஆய்வில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தமை வெளிப்பட்டது. ஏற்கத்தக்க வரம்போ 0.1 விழுக்காடு. ஆலையின் உரிமம் நீக்கப்பட்டது. இதே நஞ்சு 1972-இல் சென்னையிலும் குழந்தைகள் பலரைக் கொன்றிருக்கிறது.

நஞ்சு கலந்தது ஆலையின் குற்றம். காக்கத் தவறியது கண்காணிப்பின் குற்றம். தமிழ் எழுத்து நஞ்சை முறித்துவிடாது. ஆயினும் இரண்டாவதாக ஒரு கதவு இருந்தது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கூடிய சளி மருந்தை 4 அகவைக்குட்பட்ட குழந்தைக்குத் தரலாகாது என்று புட்டிமேல் எழுதுமாறு நடுவணரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை 2023 திசம்பரிலேயே ஆணையிட்டது. கோல்ட்ரிஃபிலும் இவ்விரண்டும் இருந்தன. தாய் தன் மொழியில் படித்தறியும் வண்ணம் அத்தடை எங்கும் எழுதப்பட்டிருப்பின், "இதை என் குழந்தைக்குத் தரலாமா?" என்று ஒருத்தியேனும் கேட்டிருக்க மாட்டாளா? இந்தியில் எழுத வேண்டிய இடத்தில் இந்தியிலும், தமிழில் எழுத வேண்டிய இடத்தில் தமிழிலும் எழுதுவதே நேர்மை.

"மருத்துவத்திற்குத் தமிழில் சொல் ஏது?" என்று உதட்டைப் பிதுக்குவோர் இன்றும் உளர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், தமிழ் கற்று, மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவரைப் பயிற்றினார். அயலானுக்குக் கிட்டிய சொல் தமிழனுக்குக் கிட்டாதோ? மருந்தின் பெயர் அப்படியே நிற்கட்டும். எடை, அளவு, வேளை, இடைவெளி, தடை ஆகிய ஐந்தும் தமிழில் வரட்டும். இவற்றுக்குச் சொல்பஞ்சம் உண்டென்பவன் தமிழ் அறியாதவன்.

உத்திரமேரூர் மண்ணுக்கு இது புதுமையும் அன்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், ஊராட்சி விதிகள் ஊரறியக் கல்லில் வெட்டப்பட்டன. பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையையும், அங்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயரையும் அளவையும் இன்றும் காட்டி நிற்கிறது. மருந்தளவைக் கல்லில் எழுதிய மண்ணில், அதனைத் தாளில் எழுதவும் தயக்கமா?

அரசு செய்ய வேண்டுவன மூன்று. குழந்தை மருந்துப் புட்டி ஒவ்வொன்றிலும் அளவும் தடையும் தமிழில் அச்சிடப்பெறல் வேண்டும். எடைவாரியான அளவுப் பட்டியல் கொண்ட தமிழ்க் கையேடு, மருத்துவ வல்லுநரால் ஆராயப்பட்டு, ஆண்டுதோறும் திருத்தப்பட்டு, ஊர்ச்செவிலியர்க்கும் மருந்துக் கடைகளுக்கும் வழங்கப்பெறல் வேண்டும். வீட்டுக் கரண்டிக்கு மாற்றாக, அளவுக்கோடிட்ட பீற்றுக்குழல் மருந்தோடு தரப்பெறல் வேண்டும்.

தமிழ் அன்பர்களே, மருந்துக் கடையில் புட்டியைப் பெறும்போதெல்லாம் "தமிழில் எங்கே?" என்று கேளுங்கள். கேளாத ஊருக்கு எவனும் எழுதமாட்டான். மொழியைக் காப்பதும் மழலையைக் காப்பதும் இங்கு ஒரே வினையே!